எல்லாச் சேலையிலும் ஒரே இடத்தில்

மாரீஸ்,

இதை அத்தை எதிரில் பிரிக்காதே. மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படி. அப்பா கையில் கொடுத்தனுப்புகிறேன். அவர் தங்கச்சியைப் பார்க்க வந்ததாகத்தான் சொல்லுவார். உன்னிடம் எதையும் கேட்க மாட்டார், கேட்கக்கூடாது என்று நான் சொல்லியிருக்கிறேன். பாதியில் கிழித்துப் போட வேண்டும் என்று உனக்குத் தோன்றும். கிழித்துக்கொள், ஆனால் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுக் கிழி. போனில் நீ என்ன சொன்னாய்? "இதப் பத்தி இனி ஒரு வார்த்த பேசுனா, வீட்டுக்கே வராம இங்கன இருந்தே அவரோட கெளம்பிருவேன்" என்றாய். சரி தாயி, நான் பேசவில்லை. எழுதக்கூடாது என்று நீ சொல்லவில்லை அல்லவா? அதனால் எழுதுகிறேன். காலண்டர் கம்பெனியில் தாள் தலைப்பில் தகடு அடிக்கிற கை இது, கடிதம் எழுதிப் பழகிய கை இல்லை. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ தீபாவளிக்கு என்று கோயம்புத்தூரிலிருந்து வந்தாய். ஒரு பெட்டி, ஒரு பை. மாப்பிள்ளைக்கு கம்பெனியில் ஆர்டர் நெருக்கடி, அவர் பிறகு வருவார் என்றாய். தீபாவளி போயிற்று, கார்த்திகை போயிற்று, பொங்கலும் போயிற்று. நீ திரும்பிப் போகிற பேச்சை எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை. அப்புறம்தான் மாப்பிள்ளையுடைய தாய்மாமா இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நம் வீட்டு முன் அறையில் பாய் விரித்துப் பேசினார்கள். எல்லாருக்கும் முன்னால் உன்னிடம் கேட்டது நான்தான். "அடிக்காரா?" என்று கேட்டேன். "இல்ல" என்றாய். "வேற பொண்ணு கிண்ணு?" "இல்ல." "செலவுக்குக் குடுக்காம வச்சிருக்காரா?" "அதெல்லாம் இல்லம்மா. கோவம் வரும். அம்புட்டுத்தான்." அந்த மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். "கோவப்படாத ஆம்பளைய எங்கனம்மா போயித் தேட?" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பங்குனிப் பொங்கல் முடிந்ததும் அனுப்பி வைக்கிறோம் என்று அப்பா வாக்குக் கொடுத்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் கார் எடுத்துக்கொண்டு உன்னைக் கூப்பிட வருகிறார். இதுவரைக்கும் நடந்தது உனக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அத்தைக்கு முட்டியில் ஆபரேஷன் ஆனதால் துணைக்கு நீ காரியாபட்டிக்குப் போனாய் அல்லவா? நீ போன மறுநாள் உன் பெட்டியைத் திறந்தேன். கெட்ட எண்ணத்தில் இல்லை. இங்கே வந்ததிலிருந்து நீ நைட்டியும் பழைய சுடிதாருமாகவே இருந்துவிட்டாய், அந்தப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கவே இல்லை. புருஷன் வீட்டுக்குப் போகிற பிள்ளை, சேலைகளை வெயிலில் உதறி, இஸ்திரி போட்டு வைப்போம் என்று நினைத்தேன். மேலே இருந்தது சந்தனக் கலர் பட்டு. மடிப்பைப் பிரித்தால் மஞ்சளாக ஒரு தாரை, அதைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாகத் தெறிப்பு. அடுத்தது ரோஸ் கலர். அதிலும். வான நீலத்தில் இன்னும் அடர்த்தியாக, காய்ந்த டீ மாதிரி. நீ வந்த அன்றைக்கு இந்தப் பெட்டியை உன்னோடு சேர்ந்து நானும்தான் அடுக்கினேன். எல்லாம் பளிச்சென்று இருந்தன. பரணில் சும்மா கிடந்த துணிக்குக் கறை எங்கிருந்து வந்தது? ஓடு ஒழுகி மழைத் தண்ணீர் இறங்கிவிட்டதோ என்று ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். பரண் காய்ந்துதான் கிடந்தது. வெந்நீர்ப் பானைக்குள் தலையை விட்ட மாதிரி அங்கே அப்படி ஒரு சூடு.

உனக்கு ஒன்று நினைவிருக்கும். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு வெள்ளைப் பாவாடை தைத்தோம். அன்றைக்கு இனிப்புக் கோலி சோடா குடித்து மடியில் கொட்டிக்கொண்டாய். காய்ந்ததும் ஒன்றுமே தெரியவில்லை. நானும் அப்படியே மடித்து வைத்துவிட்டேன். அடுத்த விழாவுக்கு எடுத்தபோது முன்பக்கம் முழுக்கப் பழுப்பு. நீ அழுத அழுகையில் தெருவே வந்து எட்டிப் பார்த்தது. இனிப்பு கலந்த எதுவானாலும் அப்படித்தான். கொட்டும்போது தண்ணீர் மாதிரி இருக்கும், காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. துணிக்குள்ளேயே உட்கார்ந்திருந்து, சூடு பட்டுப் பட்டு, நாள் போகப் போகப் பழுக்கும். நாங்கள் வேலை செய்கிற இடத்தில் மை பட்டால் அந்த நொடியே தெரியும், ஓடிப்போய்த் துடைத்துவிடலாம். இது அப்படி இல்லை. இதெல்லாம் அப்போது என் மூளைக்கு எட்டவில்லை, மாரீஸ். ஈரம் பட்டிருக்கும், தேய்த்தால் சரியாகிவிடும் என்று வான நீலத்தின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். வைத்ததுமே சீனி கருகுகிற வாசம் வந்தது. எடுத்துப் பார்த்தால் மஞ்சளாக இருந்த இடம் வறுத்த காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போயிருந்தது. இனி நீயும் தெரிந்துகொள், எந்தக் கறை என்று தெரியாமல் சூட்டை மட்டும் காட்டிவிடாதே. காட்டினால் அது துணியோடு ஒட்டிக்கொள்ளும்.

பயந்துபோய் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, சேலைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி விருதுநகர் போனேன். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் பெட்ரோல் வாஷ் பண்ணுகிற கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரர் விரித்துப் பார்த்துவிட்டு, "இதுல என்னக்கா கொட்டுச்சு?" என்றார். தெரியாது என்றேன். "தெரியாம கை வச்சா பட்டு போயிரும். எண்ணெய்னா பெட்ரோல் வாஷ்ல போகும். சீனித் தண்ணி, ஜூஸுன்னா அதுல போகவே போகாது, தண்ணியிலதான் அலசணும். ஒங்க பொண்ணுகிட்டக் கேட்டுச் சொல்லுங்க, எடுத்துத் தாரேன்" என்றார். அந்தக் கடை வாசலில் நின்றுதான் உனக்கு முதலில் போன் போட்டேன். நீ அத்தைக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாய்.

"ஏம்மா, ஒன் சந்தனப் பட்டுல என்ன கொட்டுச்சு?"

"ஒண்ணுங் கொட்டலையே."

"மஞ்சளா கெடக்கே."

"தண்ணி தெறிச்சிருக்கும்."

"ரோஸுலயும் கெடக்கு. நீலத்துலயும் கெடக்கு."

"நீ எதுக்கு என் பெட்டியத் தொறந்த?" என்றாய். உன் குரல் அப்படி மாறி நான் கேட்டதே இல்லை. திருடி மாட்டிக்கொண்டவள் பேசுகிற மாதிரி இருந்தது. போனை வைத்துவிட்டாய். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேலைகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருத்தங்கல் தாண்டும்போது ஒரு பயம் பிடித்தது. எதைப் பார்த்துப் பயம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சேலைகளைக் கட்டிலில் விரித்துப் போட்டேன். விரித்துப் பார்த்தால் கறை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரிந்தது. முந்தியில் கொஞ்சம், உடம்புப் பக்கம் கொஞ்சம், கரையில் கொஞ்சம். சாப்பிடும்போது சிந்தினால் மடியில் சிந்தும், கொசுவத்தில் சிந்தும். இது அங்கெல்லாம் இல்லை. என்ன தோன்றியதோ, கதவைச் சாத்திவிட்டு சந்தனப் பட்டை நான் கட்டிப் பார்த்தேன். கொசுவம் வைத்து, முந்தியைத் தோளில் போட்டு, பீரோ கண்ணாடி முன்னால் நின்றேன். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்ததெல்லாம் வந்து ஒன்றாகச் சேர்ந்துகொண்டது, மாரீஸ். தோளிலும் நெஞ்சிலும் கழுத்துக்குக் கீழேயும். அங்கிருந்து தாரை தாரையாக இடுப்பு வரைக்கும் இறங்கியிருந்தது. அவிழ்த்துப் போட்டுவிட்டு ரோஸ் கலரைக் கட்டினேன். அதே இடம். நீலத்தைக் கட்டினேன். அதே இடம். வெள்ளைப் பூப்போட்ட சுடிதார் ஒன்று இருந்ததே, அதை மேலே வைத்துப் பார்த்தேன். அதில் முன்பக்கம் சுத்தமாக இருந்தது. திருப்பினேன். பின் கழுத்திலிருந்து முதுகு முழுக்க வழிந்திருந்தது. அன்றைக்கு நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய் போலிருக்கிறது.

கண்ணாடிக்கு முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ரோஸ் கலர் சேலையை எப்போது கட்டினாய் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் பங்குனிப் பொங்கலுக்கு இரண்டு பேரும் வந்திருந்தீர்கள். விருதுநகர் போய் அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வெயிலில் வந்தீர்கள். நான் எலுமிச்சம்பழம் பிழிந்து, சீனி தூக்கலாகப் போட்டு, இரண்டு பேருக்கும் உள் அறைக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். அடுப்பில் அதிரசம் கிடந்தது, ஓடிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் நீ முகமும் முடியும் நனைந்து, சேலை முன்பக்கம் ஈரமாக வெளியே வந்தாய். "கொழாயத் தொறந்தேன், சீறிருச்சும்மா" என்றாய். நான் துண்டை எடுத்து நீட்டிவிட்டு அதிரசத்தைத் திருப்பிப் போட்டேன். அவர் உள்ளேயிருந்து காலி டம்ளரோடு வந்து, "அத்த, ஜூஸ் சூப்பரு" என்றார். நானும் மகிழ்ந்துபோய் இன்னொரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன். அந்தக் கடைக்காரர் கேட்டதற்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். அந்தச் சேலையில் இருப்பது என் கையால் பிழிந்த எலுமிச்சம்பழம்.

மறுபடி உனக்குப் போன் போட்டேன். நீ எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். கடைசியில் எடுத்தாய். நான் கேட்ட கேள்வியும் நீ சொன்ன பதிலும் உனக்கு மறந்திருக்காது, ஆனாலும் எழுதுகிறேன். நீ சொன்னதை எழுத்தில் ஒரு தடவை பார்.

"மூஞ்சில ஊத்துறாராடி?"

"எம்மா, சும்மா இரேன்."

"சொல்லு."

"அவரு கை வைக்க மாட்டாரும்மா. கையில இருக்கத வீசிருவாரு. டீ சூடா இருந்தா வீச மாட்டாரு. ஆறுனதுதான். அப்பறம் அவரே துண்டு எடுத்துத் தருவாரு."

நீ அழவில்லை. அவசரமாக, எதையோ பேரம் பேசுகிற மாதிரிப் பேசிக்கொண்டே போனாய். "எம்மா, எப்பிடியாச்சும் அந்தக் கறையெல்லாம் எடுத்துரும்மா. ஞாயித்துக்கெழமைக்குள்ள எடுத்துரு. அவரு பாத்தா, நான் வேணும்னே ஒங்ககிட்டக் காட்டத்தான் தொவைக்காம வச்சிருந்தேன்னு நெனப்பாரு. நான் அப்பப்ப ஈரத்துணியால தொடச்சுத்தான் வச்சேன், சத்தியமா, போயிருச்சுன்னுதான் நெனச்சேன்" என்றாய். கறை உன் மேல் விழுந்தது, மாரீஸ். அதற்கு மன்னிப்புக் கேட்கிறவளும் நீயாகவே இருக்கிறாய். பெற்ற வயிறு எரிகிறது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். நிஜமாகவே எரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நீ கெஞ்சினதால் வேலையைத் தொடங்கினேன். மறுநாள் முழுக்க அதுதான் வேலை. முதலில் உள் கரையில் ஒரு துளி விட்டுச் சாயம் போகிறதா என்று பார்த்தேன். போகவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் வினிகரைக் கலந்து, கறைக்கு அடியில் வெள்ளைத் துண்டை வைத்து, சேலையின் பின்பக்கமாக ஒற்றி ஒற்றி எடுத்தேன். தேய்க்கவில்லை, தேய்த்தால் பட்டில் நூல் கலையும். பொறுமையாக ஒற்றினால் கறை கீழே இருக்கிற துண்டுக்கு இறங்குகிறது. அப்புறம் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி நிழலில் போட்டேன். சந்தனப் பட்டு காய்ந்ததும் பார்த்தேன். சுத்தமாகப் போயிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. புதுச் சேலை மாதிரி இருந்தது. மாரீஸ், அந்த ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உடனே அந்தச் சந்தோஷம் போய்விட்டது. ஏனென்றால் அந்தச் சேலைக்கு என்ன நடந்தது என்று இனி யாரிடம் நான் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். நானே எல்லாவற்றையும் வழித்துத் துடைத்து, மடித்து, உன் பெட்டியில் வைத்து, அவர் காரில் ஏற்றப் போகிறேன். மறுபடியும் வீசுவதற்குத் தோதாகச் சுத்தம் பண்ணித் தருகிறேன். ரோஸ் கலர் அப்போது வாளியில் கிடந்தது. அள்ளி வெளியே எடுத்துவிட்டேன். நல்லவேளை, அது இன்னும் ஊறியிருக்கவில்லை.

சாயங்காலம் அப்பா பட்டாசுக் கம்பெனி வேனில் வந்து இறங்கினார். கை கழுவியும் விரல் இடுக்கில் அலுமினியத் தூள் மினுங்கிக்கொண்டிருந்தது. சேலைகளைக் கட்டிலில் விரித்து வைத்திருந்தேன். ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டார். கேட்டுவிட்டு, "அடிச்சானா?" என்றார்.

"இல்ல."

"பின்ன என்ன புள்ள? கோவத்துல ஒரு டம்ளர் தண்ணிய வீசுனான்னு போயி, பேசி முடிச்சத மறுபடி கெளப்பச் சொல்றியா? வாக்குக் குடுத்துருக்கேன். நாளைக்கு அந்தாளு மொகத்துல எப்பிடி முழிப்பேன்?"

அவர் குடிக்காமல் வைத்திருந்த சொம்பைக் கையிலிருந்து பிடுங்கி, அப்படியே அவர் முகத்தில் வீசினேன். யோசித்துச் செய்யவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் குரலை உயர்த்திக்கூட நான் பேசினதில்லை, உனக்கே தெரியும். தண்ணீர் மீசையிலிருந்து சட்டைக்கு வழிந்தது. மூச்சு திணறி வாயைத் திறந்தார். கை மேலே போனது. அடிக்கத்தான் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தால், தூக்கின கையால் முகத்தை மூடிக்கொண்டு நிற்கிறார்.

"அடிச்சேனாங்க ஒங்கள?" என்று கேட்டேன்.

துண்டை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. ஈரச் சட்டையோடு கட்டிலுக்குப் போய், நீலச் சேலையைத் தூக்கி, அந்தக் கருகின இடத்தைத் தடவிப் பார்த்தார். சுடிதாரைத் திருப்பி முதுகைப் பார்த்தார். "இது முதுகுல்ல" என்றார். "ஆமா" என்றேன். "திரும்பிருக்கா புள்ள" என்றார். அதற்கப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "எனக்குக் கொல வெறி வந்துச்சு. வீட்டுக்குள்ள, நீ வீசுனதுக்கே அப்பிடி வந்துச்சு. அது எப்பிடிடி எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு நமக்குக் காப்பி போட்டுக் குடுத்துக்கிட்டு இருந்துச்சு?" என்றார்.

அவர்தான் கோயம்புத்தூருக்குப் போன் போட்டார். "ஞாயித்துக்கெழம நீங்க வர வேண்டாம். எங்க பிள்ளைய அனுப்புறதா இல்ல" என்றார். அந்தப் பக்கமிருந்து கோபமே வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நிதானமாக, மரியாதையாக, "மாமா, ஒங்க மக நேத்தே எனக்குப் பேசிட்டா. நான் வந்துர்றேன், கூட்டிட்டுப் போங்கன்னு அவதான் சொன்னா. அவளையே கேட்டுக்கோங்க" என்று சொல்லி வைத்துவிட்டாராம். அதைக் கேட்கத்தான் உடனே உனக்குப் போன் போட்டேன், அப்போதுதான் வீட்டுக்கே வராமல் கிளம்பிவிடுவேன் என்றாய்.

நான் உன்னிடம் பேசிவிட்டு வைத்ததுமே நீ அவருக்குப் போன் போட்டிருக்கிறாய். கறை விஷயம் எங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று அவர் வேறு எவர் வாயிலாகவும் கேட்டுவிடுவதற்கு முன்னால், ஓடிப்போய் அவர் பக்கம் நின்றுகொள்ளப் பார்த்திருக்கிறாய். உன்னைத் திட்டவில்லை தாயி. பயந்த பிள்ளை பயமுறுத்துகிறவன் கைக்குள்ளேயே போய் ஒளிகிறது. அங்கே இருந்தால் அடுத்தது எப்போது வரும் என்றாவது தெரியும் என்று நினைக்கிறாயோ என்னவோ.

இங்கே வந்து உட்கார்ந்திருந்தால் தெரு என்ன பேசும் என்று நீ கவலைப்படுவது எனக்குத் தெரியும். பேசும். எதிர்வீட்டுக்காரி ஏற்கெனவே பேசிக்கொண்டுதான் இருக்கிறாள். காலண்டர் சீசன் வந்தால் எல்லாருக்கும் வேலை நெருக்கும், வாய் ஓய்ந்துவிடும். நீ கல்யாணத்துக்கு முன்னால் வேலை பார்த்த டைரி கம்பெனியில் கேட்டேன். கேட்காமல் விடுவேனா? கம்ப்யூட்டர் செக்ஷனில் ஆள் வேண்டும் என்கிறார்கள், அவர்களுக்கு உன் பெயர் இன்னும் நினைவிருக்கிறது. அது பிடிக்காவிட்டால் வேறு ஏதாவது செய். ஒன்றும் செய்யாமல் படுத்துக் கிட. உன் அறை உன் அறைதான். நீ எங்களுக்குப் பாரம் என்று உன்னிடம் யாராவது சொன்னார்களா? சொல்லியிருந்தால் பெயரைச் சொல், நான் போய்ப் பேசிக்கொள்கிறேன்.

எனக்கு வேறொரு பயம்தான் தூங்க விடவில்லை. இத்தனை நாளும் ஆறின டீ, ஜூஸ், அவர் குடிக்கிறதில் மிச்சம் என்று வீசினவர், சூடான டீயை வீச மாட்டார் என்று உன்னிடம் எழுதிக் கொடுத்தாரா? டம்ளரில் ஒன்றும் இல்லாத அன்றைக்கு டம்ளரையே வீச மாட்டாரா? பெரியவர்களைக் கூட்டி இனிமேல் வீசக்கூடாது என்று சத்தியம் வாங்குவோம் என்று அப்பாகூட ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். வாங்கலாம். ஆனால் நம் வீட்டில், நான் பக்கத்து அறையில் இருக்கும்போதே செய்துவிட்டு, வெளியே வந்து ஜூஸ் சூப்பர் என்று சொன்ன மனுஷன் அவர். அவருடைய சத்தியத்தை எந்தக் கோயிலில் வாங்கினாலும் என்னால் நம்ப முடியாது. நீ நம்புகிறாயா? உண்மையைச் சொல், நீயே நம்பவில்லை. நம்பியிருந்தால் கறையைப் பார்த்து இப்படிப் பதறியிருக்க மாட்டாய்.

மிச்சச் சேலைகளை நான் துவைக்கவில்லை. துவைக்கப் போவதும் இல்லை. வர வேண்டாம் என்றாலும் ஞாயிற்றுக்கிழமை அவர் வரத்தான் போகிறார், அவருடைய மாமாவையும் வரச் சொல்லி அப்பா ஆள் அனுப்பியிருக்கிறார். அதே முன் அறையில், அதே பாயில், எல்லாவற்றையும் விரித்துப் போடப் போகிறோம். நீ ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். உள்ளே இரு. தோள் எங்கே, முதுகு எங்கே என்று நான் காட்டுகிறேன். உனக்கு அவமானம் என்று நினைக்காதே. அதைப் பார்த்துக் கூச வேண்டியது நீ இல்லை.

சனிக்கிழமை அப்பாவோடு வீட்டுக்கு வந்துவிடு. கும்பிட்டுக் கேட்கிறேன், காரியாபட்டியிலிருந்தே கிளம்பிவிடாதே. உன்னை அறையில் வைத்துப் பூட்ட மாட்டேன், நீ வளர்ந்த பிள்ளை. எல்லாவற்றுக்கும் அப்புறமும் போகத்தான் போவேன் என்றால் நீ காரில் ஏறு. உன் பக்கத்து சீட்டில் நானும் ஏறுவேன். கம்பெனியில் கணக்கு முடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். என் சேலைகளையும் மூக்குக்கண்ணாடியையும் மாத்திரையையும் எடுத்து ஒரு பையில் வைத்துக் கட்டியாயிற்று. அந்த வீட்டில் எனக்கு அறை வேண்டாம், அடுப்பங்கரையில் படுத்துக்கொள்வேன். அவர் கையில் டம்ளர் எடுக்கும்போதெல்லாம் உனக்கு முன்னால் நான் நிற்பேன். எத்தனை வருஷமானாலும் நிற்பேன். அப்பா தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்கிறார்.

என் பை வாசல் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு உன் பின்னால் வர வேண்டுமா, இல்லை திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு உனக்குச் சோறு எடுத்து வைக்க வேண்டுமா என்று நீதான் வந்து சொல்ல வேண்டும்.

அம்மா